ஒன்று புள்ளி ஏழு

ஒரு வாரமாக நம் குரூப்பில் ஆளாளுக்குக் கணக்கு டீச்சரைப் பற்றி எழுதித் தள்ளுகிறீர்கள். அவர் இல்லாவிட்டால் பேங்க் வேலைக்கே போயிருக்க மாட்டேன் என்கிறாள் ஒருத்தி. அவர் அடித்த அடியால்தான் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறேன் என்கிறாள் இன்னொருத்தி, முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே. மஞ்சக்குப்பத்தில் ஹால் பிடித்து டீச்சருக்குப் பாராட்டு விழா வைக்கிறோம், நீ வந்து சால்வை போடு, நாலு வார்த்தை பேசு என்று எனக்குத் தனியாகச் செய்தி வேறு. பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தேன். நீல டிக் விழுந்ததைப் பார்த்து நீங்களும் ஏதாவது நினைத்திருப்பீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை இல்லாதவர்கள் கும்பிடுகிற கை படத்தைப் போட்டுவிட்டு நகரலாம்.

ஏழாம் வகுப்பு, ஐப்பசி மாதம். திருப்பாதிரிப்புலியூரில் நம் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கட்டடம் மழையில் எப்படி ஒழுகும் என்று உங்களுக்கே தெரியும். ஈரப் பாவாடை, ஈர சாக்பீஸ், மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஆட்டுக்குட்டி எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடையில்தான் டீச்சர் நமக்குப் பின்னத்தைத் தசமமாக மாற்றச் சொல்லிக் கொடுத்தார். மேலே இருக்கிற எண்ணைக் கீழே இருக்கிற எண்ணால் வகு. போகவில்லையா, புள்ளி வை, சைபர் இறக்கு. மிச்சம் இருக்கிறதா, இன்னொரு சைபர் இறக்கு. மிச்சம் சைபர் ஆகிவிட்டால் நிறுத்து. "புள்ளி வை, சைபர் இறக்கு" என்று வகுப்பே சேர்ந்து பாடும். நானும் பாடுவேன், வாய் மட்டும். மனசு சிதம்பரத்தில் இருந்தது.

என் அம்மா அப்போது சிதம்பரத்தில் இருந்தாள். அம்மாவுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அக்கா வீடுதான். அதனால் பிரசவத்துக்குச் சிதம்பரத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். போன இடத்தில் நாள் ஆகும் முன்பே வலி வந்து, தம்பி குறைமாதத்தில் பிறந்துவிட்டான். ஒன்றே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியில் அவனை பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ரெண்டு கிலோ தொட்டால் வீட்டுக்கு, அதுவரைக்கும் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது, சளி பிடித்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆண்கள் உள்ளே போக முடியாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு குழந்தையின் எடையையும் காலையில் சாக்பீஸால் எழுதிப் போடுவார்கள். வெளியே நிற்கிற அப்பாக்கள், மாமாக்கள் எல்லோரும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

என் அப்பா பஸ் கண்டக்டர். கடலூர் - சிதம்பரம் ரூட். தினமும் சிதம்பரம் போனாலும் பஸ் ஸ்டாண்டை விட்டு நகர நேரம் கிடைக்காது. அதனால் பெரியப்பா காலையில் பலகையைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஜன்னல் வழியாக எடையைச் சொல்வார். அப்பா அதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவார். தோல்பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்கு முன்பே, டிக்கெட் விலை சொல்கிற குரலில் சொல்வார்: "ஒண்ணு எழுபத்தஞ்சு." மறுநாள், "ஒண்ணு அறுபத்தெட்டு." பிறகு, "ஒண்ணு அறுபத்தஞ்சு." முதலில் கொஞ்சம் குறையும், அப்புறம் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், எங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் எடையோடு இன்னொரு சேதியும் வந்தது. "சங்குல ஊத்துனா முன்ன மாதிரி கடவாயில வழியலியாம். முழுசா முழுங்கறானாம். அவ சொல்லி அனுப்பனா" என்றார் அப்பா. "பெத்தவ வேற எப்படி சொல்லுவா" என்றாள் அத்தை. அப்பாவும் தலையை ஆட்டினார். அம்மாவின் சேதி அத்தோடு முடிந்தது. பலகையில் எழுதியதற்கு இருந்த மரியாதை அதற்கு இல்லை.

இதற்கு நடுவில்தான் டீச்சர் டெஸ்ட் வைத்தார். ஐந்தில் நாலு, நாலில் மூன்று, இரண்டையும் தசமமாக மாற்றி எது பெரியது என்று எழுதச் சொன்னார். மாற்றுவதெல்லாம் சரியாகத்தான் மாற்றினேன். நாலை அஞ்சால் வகுக்க முடியாது, புள்ளி வை, சைபர் இறக்கு, நாற்பதில் எட்டு, மிச்சம் சைபர். புள்ளி எட்டு. இன்னொன்று, முப்பதில் ஏழு, மிச்சம் ரெண்டு, சைபர் இறக்கு, இருபதில் அஞ்சு. புள்ளி ஏழு அஞ்சு. பிறகு, எட்டை விட எழுபத்தைந்து பெரியது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தினார். விரல் முட்டியில் ஸ்கேலால் ரெண்டு போட்டார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் காலத்தில் அது தினசரி பலகாரம். ஆனால் அப்புறம் சொன்னார் பாருங்கள்: "எட்டு காசு, எழுபத்தஞ்சு காசுன்னு பாத்தியா? கண்டக்டர் வூட்டுப் பொண்ணுக்கு எல்லாம் காசாத்தான் தெரியும். ரூபாய்க்குத்தாண்டி புள்ளிக்கப்புறம் ரெண்டு இடம். எண்ணுக்கு அப்படி ஒரு சட்டமும் கெடையாது. சீக்கிரம் வகுபட்டா ஒரு இடத்துல நிக்கும், அதுக்காகச் சின்னதுன்னு அர்த்தமா? காலியா இருக்கற எடத்துல சைபர் போட்டுப் பாரு. எண்பது பெருசா, எழுபத்தஞ்சு பெருசா?"

வகுப்பு சிரித்தது. நீங்கள் எல்லோரும்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. டெஸ்ட் பேப்பரில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். பேப்பரை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். மார்க்கைக் காட்டுவதற்குக்கூட எனக்குப் பயமில்லை. ஏன் தப்பு வந்தது என்று அப்பா கேட்டால் டீச்சர் சொன்னதைச் சொல்ல வேண்டியிருக்கும். என் அப்பா அந்தக் காக்கிச் சட்டைக்குத் தினமும் தானே கஞ்சி போட்டு இஸ்திரி போடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்து, பையைக் கழற்றாமலே சுவரோரம் உட்கார்ந்தார். மழையில் பாதி நனைந்திருந்தார். அத்தை டம்ளரோடு நின்றாள்.

"ஒண்ணு ஏழு" என்றார்.

அத்தைக்குப் புரியவில்லை. "ஒண்ணு எழுவதாண்ணே?"

"ஏழு. சகலைய திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒண்ணு, புள்ளி, ஏழு. அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலயாம். புதுசா ஒரு நர்சம்மா வந்து எழுதிட்டுப் போச்சாம். நேத்து ஒண்ணு அறுபத்தஞ்சு. இன்னிக்கு ஒண்ணு ஏழு."

டம்ளரிலிருந்த காப்பி அத்தையின் புடவையில் சிந்தியது. ஒரே நாளில் ஒரு குழந்தை அப்படிக் கரையுமா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இல்லை. அத்தையே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். "பழைய நர்சம்மா மனசு நோவக் கூடாதுன்னு கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கும்ண்ணே. இதுதான் நெசம்." அப்பாவுக்கு அது சரி என்று பட்டுவிட்டது. பயந்திருப்பவருக்குக் கெட்ட சேதிதான் நம்பத் தகுந்ததாக இருக்கும் போல.

அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். நாளைக்குக் காலையில் சிதம்பரத்தில் ஒரு கார் நிற்கும். தம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோவது. அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். அத்தை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். லீவு கிடைக்காததால் அப்பா காலை ட்ரிப்பைச் சிதம்பரம் வரைக்கும் ஓட்டிவிட்டு அங்கே ஆள் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. என்னைத் தனியாக விட முடியாது, நானும் போக வேண்டும். வெளியே மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஈரக் காற்றில் பெட்டியை விட்டு வெளியே, சிதம்பரத்திலிருந்து பாண்டி வரைக்கும்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. புள்ளி எட்டு, புள்ளி ஏழு அஞ்சு. ஒன்று புள்ளி ஏழு. காலியான இடத்தில் சைபர் போட்டுப் பார்த்தேன். ஒன்று எழுபது.

"அப்பா, அது ஜாஸ்திப்பா. குறையல" என்றேன்.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பூராத" என்றாள் அத்தை. "எது ஜாஸ்தி? கணக்குல நீ வாங்கற மார்க்குக்கு."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நான் மறுபடியும் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அழுதால் யார் பேச்சையும் யாரும் கேட்க மாட்டார்கள். தம்பிக்காக அழுகிறேன் என்று நினைத்து அத்தை என்னை அணைத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காலையில் பஸ்ஸின் இரண்டு பக்கமும் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டாக, டீசல் வாடையும் மீன் கூடை வாடையுமாக இருந்தது. அத்தை முன்னால் பெண்கள் சீட்டில், மடியில் போர்வையும் பிளாஸ்கும். நான் பின்வாசல் பக்கம் அப்பாவின் சீட்டில். அவர் உட்காரவே இல்லை. நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழிப்பதும், விசில் ஊதுவதும், "உள்ள போங்க, உள்ள போங்க" என்பதுமாக இருந்தார். ஆலப்பாக்கம் வரைக்கும் என் பக்கம் வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் வந்து நின்றார்.

"அப்பா, அரையை எப்படிப்பா எழுதுவ?"

"என்னா பாப்பா இப்ப?"

"சொல்லுப்பா. அரை ரூபாய."

"புள்ளி அம்பது."

"பள்ளிக்கூடத்துல அரைன்னா புள்ளி அஞ்சுன்னுதாம்பா எழுதுவோம். ஒண்ண ரெண்டால வகுத்தா அஞ்சுல முடிஞ்சிடும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அப்ப அரைன்னா அஞ்சு காசா?"

யாரோ இறங்க வேண்டும் என்று கத்தினார்கள். அப்பா விசில் ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார். புதுச்சத்திரத்தில் ஒரு கூட்டம் ஏறியது. அவர் திரும்பி வருவதற்குள் புவனகிரி வந்துவிடும், அப்புறம் சிதம்பரம்தான். படுதா இடுக்கில் தண்ணீர் கட்டின வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பஸ் மெதுவாகப் போகாதா என்றிருந்தது. டிரைவர் என்றைக்கும் இல்லாமல் வேகமாக ஓட்டினார். அவருக்கும் விஷயம் தெரியும், "புள்ளைய சீக்கிரம் கொண்டு சேத்துருவோம் மச்சான்" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

அப்பா திரும்பி வந்தார். "யாரு சொன்னா அப்படின்னு?"

"டீச்சர்."

"நீ சரியா கேட்டியா? உனக்கு கணக்குல எவ்ளோ மார்க்கு?"

மார்க்கைச் சொன்னேன். அப்பா முகத்தைத் திருப்பினார். சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "இந்தக் கணக்குலதாம்பா எனக்கு மார்க்கு போச்சு. நீ சொல்ற மாதிரியேதான் நானும் எழுதனேன். புள்ளி எட்ட விட புள்ளி எழுவத்தஞ்சு பெருசுன்னு. டீச்சர் அடிச்சாங்க. ரூபாய்க்குத்தான் ரெண்டு இடம்னு சொன்னாங்க." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நம்ப மாட்டார் என்று தோன்றியது. "கண்டக்டர் வூட்டுப் பொண்ணுக்கு எல்லாம் காசாத்தான் தெரியும்னு சொன்னாங்கப்பா."

அப்பா பக்கத்தில் ஒருவர் நீட்டிய காசை வாங்கினார். டிக்கெட்டைக் கிழித்தார், வேறு கலர் கட்டிலிருந்து கிழித்துவிட்டார். மன்னிக்கணும் என்று அவரிடம் சொல்லி மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சிதம்பரம் வரைக்கும் முன்வாசல் பக்கமே நின்றார். நான் அவரைக் காயப்படுத்திவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது, அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை.

சிதம்பரத்தில் பெரியப்பா குடையோடு நின்றார். கறுப்புக் கார் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை ஓட விட்டபடி நின்றிருந்தது. பலகையில் அன்றைய எடை இன்னும் எழுதவில்லை. முந்தின நாளின் 1.7 அப்படியே இருந்தது, ஏழின் வால் மட்டும் ஈரக் காற்றில் கொஞ்சம் கரைந்து. "கையெழுத்துப் போட்டா குடுத்துடுவாங்க, சீக்கிரம்" என்றார் பெரியப்பா. அத்தை போர்வையைப் பிரித்தாள்.

அப்பா கதவைத் தட்டினார். அந்தப் புது நர்ஸ்தான் வந்தார், சின்னப் பெண். காக்கிச் சட்டையில் ஒரு ஆள் கைகட்டி நிற்பதைப் பார்த்து என்ன என்றார்.

"சிஸ்டர், நேத்து எடைய கிராமுல சொல்ல முடியுமா?"

"பலகைல இருக்கே."

"கிராமுல சொல்லுங்க சிஸ்டர்."

நர்ஸ் சலித்துக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆயிரத்து எழுநூறு. முந்தாநாள் ஆயிரத்து அறுநூத்தம்பது. அம்பது கிராம் ஏறியிருக்கான். ஏன், என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. சுவரில் சாய்ந்தார். முதுகு சுவரில் தேய்ந்துகொண்டே கீழே வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கஞ்சி போட்ட சட்டை கசங்கும் என்று பஸ்ஸில்கூடச் சாயாதவர். பெரியப்பா, "அதான் நானும் மொதல்லயே நெனச்சேன்" என்றார். அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. காரை அனுப்பிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு அம்மா கதவிடம் வந்தாள். கையில் தம்பிக்குப் பால் புகட்டுகிற சங்கு இருந்தது. அந்தச் சங்கு பிற்பாடு எங்கே போனதென்று தெரியவில்லை, எவ்வளவோ தேடியிருக்கிறேன். என்ன நடந்தது என்று அத்தை அழுதுகொண்டே சொன்னாள். அம்மா போர்வையைப் பார்த்தாள், பிளாஸ்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"முழுங்கறான்னு சொல்லி அனுப்பனேனே" என்றாள். "அது உனக்கு வந்து சேரலயா?"

"வந்துது" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள், பெரியம்மா ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்தால், கணக்குத் தெரியாமலே சரியாகச் சொன்னவள் உள்ளேதான் இருந்தாள், அவளை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான் ஜாங்கிரி தின்றேன்.

திங்கட்கிழமை மத்தியான ட்யூட்டிக்கு முன்னால் அப்பா நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டெஸ்ட் பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், கேட்கப் போகிறார் என்று. வராந்தாவில் டீச்சர் வந்தார். அப்பா பையைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு ரெண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க சொல்லிக்குடுத்த கணக்குதாம்மா எம்புள்ளைய பொட்டிக்குள்ளயே இருக்க வச்சிது. ரொம்ப நன்றிங்க."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். "பாத்தீங்களா, ரெண்டு போட்டாத்தான் மண்டைல ஏறுது."

"ஆமாங்க" என்றார் அப்பா.

அந்த "ஆமாங்க" இருக்கிறதே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. டீச்சர் சொன்னது இன்னது என்று தெரிந்துகொண்டு கும்பிட்ட கை அது. வாசல் வரைக்கும் அப்பா பின்னாலேயே போனேன். கேட் பக்கத்தில் அவராகவே நின்றார்.

"எனக்கு வலிக்கலன்னு நெனைக்காத பாப்பா" என்றார். "மொதல்ல தம்பி ரெண்டு கிலோ ஆவட்டும். அப்பறம் கோவிச்சிக்கிறேன்."

தம்பி ரெண்டு கிலோ ஆனான். வீட்டுக்கு வந்தான். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்கிறான், டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அப்பா ரிட்டையர் ஆனார், போய்ச் சேர்ந்தார். இடையில் எத்தனையோ முறை டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் கும்பிட்டிருக்கிறார். கடைசிவரைக்கும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தை வேறு யாராவது வைத்திருக்க வேண்டுமல்லவா, நான் வைத்திருக்கிறேன்.

நேற்று தம்பியிடம் கேட்டேன், போகட்டுமா வேண்டாமா என்று. "நீ போய் போட்டுட்டு வாக்கா, நான்தான காரணம்" என்றான். அதனால் விழாவுக்கு வருகிறேன். சால்வையும் நானே போடுகிறேன், அவனுக்காக. என் பங்குப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். மைக்கை மட்டும் தயவுசெய்து என் கையில் கொடுத்துவிடாதீர்கள்.